சென்னையில் சமகால நடனம்: புதிய சீசனுக்குப் போகுமுன் எல்லோரும் கேட்கும் கேள்விகள்

ஒரு சமகால நடனக் குழு புதிய சீசன் அறிவித்தால், அந்த வாரமே தெரிந்தவர்கள் கேட்கத் தொடங்கிவிடுவார்கள். போகலாமா, புரியுமா, எவ்வளவு நேரம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா என்று. எனக்கு ஆடத் தெரியாது. பல வருடமாக இந்த ஊரில் இந்த நடனத்தைத் தேடிப் போய்ப் பார்த்து வருகிறேன், அவ்வளவுதான். அந்தப் பழக்கத்தில் சொல்லக்கூடிய பதில்கள் இவை. எந்தக் குழுவின் சீசனுக்குப் போனாலும் பொருந்தும்.

பரதநாட்டியமே எனக்குச் சரியாகத் தெரியாது. இதைப் பார்த்தால் என்ன புரியும்?

பரதம் தெரியாதது இங்கே ஒரு குறையே இல்லை. ஒரு பதத்தையோ வர்ணத்தையோ ரசிக்க வேண்டுமென்றால் பாட்டின் வரி காதில் விழ வேண்டும், நாயகி யாருக்காக ஏங்குகிறாள் என்று தெரிய வேண்டும், முத்திரைகள் கொஞ்சம் பழகியிருந்தால் இன்னும் நல்லது. சமகால நடனத்தில் பெரும்பாலும் அப்படி ஒரு பாட்டு வரி இருப்பதில்லை. ஆடுபவர் கையைத் தூக்கினால் அது மயிலும் இல்லை, தாமரையும் இல்லை. கையைத் தூக்குகிறார். அந்தக் கை எவ்வளவு நேரம் எடுத்துக்கொண்டு மேலே போகிறது, அப்போது தோள் என்ன செய்கிறது, உடலின் பாரம் எந்தக் காலில் நிற்கிறது, மூச்சு எங்கே மாறுகிறது என்பதையெல்லாம்தான் நாம் பார்க்க வேண்டும்.

முதல்முறை போகிறவர்களுக்கு நான் சொல்லும் வழி ஒன்று உண்டு. தொடக்கத்தில் கொஞ்ச நேரம் பாதங்களை மட்டும் பாருங்கள். குதிகால் எப்போது தரையைத் தொடுகிறது, எப்போது விடுகிறது என்று கவனியுங்கள். அப்புறம் முதுகெலும்புக்கு வாருங்கள். மேடையில் இரண்டு பேர் இருந்தால் அவர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளியைப் பாருங்கள். அது குறையும்போதும் கூடும்போதும் உங்களுக்குள் ஏதோ இறுகும், தளரும். அந்த நேரத்தில் "இதற்கு என்ன அர்த்தம்" என்ற பதற்றம் தானாகவே பின்னுக்குப் போய்விடும்.

ராக ஆலாபனையில் சொல் என்று ஒன்று கிடையாது. ஆனாலும் சபாவில் உட்கார்ந்து தலையாட்டுகிறோம், ஒரு பிரயோகம் திரும்பி வரும்போது அடையாளம் கண்டுகொள்கிறோம், பாடகர் சட்டென்று வேறு பக்கம் திரும்பினால் "ஆஹா" என்கிறோம். அந்தக் காதுக்கு இருக்கும் பழக்கத்தைக் கண்ணுக்குக் கொடுத்தால் போதும். சென்னைக்காரர்களுக்கு இது வராத கலை இல்லை.

சில படைப்புகளுக்குக் கருப்பொருள் இருக்கும், அது கையில் கொடுக்கும் தாளில் எழுதியிருக்கும். அதை ஆட்டம் முடிந்த பிறகு படிப்பதுதான் என் பழக்கம். முன்னாலேயே படித்துவிட்டால் தாளில் இருப்பது மேடையில் எங்கே வருகிறது என்று தேடிக்கொண்டே நேரம் போய்விடுகிறது.

டிவி நடனப் போட்டிகளில் வரும் கன்டெம்பரரிதானே இது?

பெயர் ஒன்று, வேலை வேறு. அங்கே ஒரு சினிமாப் பாட்டின் சில நிமிடங்களுக்குள் கதை சொல்ல வேண்டும், நடுவர் எழுந்து நின்று கைதட்டும்படி ஒரு தூக்கலோ குட்டிக்கரணமோ வைக்க வேண்டும். அந்தப் பிள்ளைகளின் உழைப்பைக் குறைத்துச் சொல்ல மாட்டேன்; சிலர் உண்மையிலேயே அசாத்தியமான உடல் பயிற்சி உள்ளவர்கள். ஆனால் ஒரு குழு மாதக்கணக்கில் ஸ்டூடியோவில் உட்கார்ந்து உருவாக்கும் ஒரு மணி நேரப் படைப்பின் நோக்கம் வேறு. அதில் ஒரு தூக்கல்கூட இல்லாமல் போகலாம். ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து எழுந்து நிற்பதே அன்றைய மாலையின் பெரிய சம்பவமாக இருக்கலாம்.

இது மேற்கிலிருந்து இறக்குமதியான கலைதானே? நம் ஊருக்கு எதற்கு?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நாம் "பாரம்பரியம்" என்று கும்பிடும் பரதநாட்டிய மேடையே 1930களில் இந்த ஊரில் புதிதாகக் கட்டப்பட்டது. ருக்மிணி தேவி 1935இல் அடையாறு தியசாபிகல் சொசைட்டியில் ஆடினார், 1936இல் கலாக்ஷேத்ராவைத் தொடங்கினார். உடை, மேடை அமைப்பு, விளக்கு, யார் ஆடலாம், யார் முன்னால் ஆடலாம் என்று எல்லாமே அந்தக் காலத்தில் மாற்றி எழுதப்பட்டன. அந்த மாற்றத்தில், தலைமுறை தலைமுறையாக இந்தக் கலையைக் காத்து வந்த இசை வேளாளர் குடும்பத்துப் பெண்கள் மேடையிலிருந்து விலக்கப்பட்டார்கள் என்பதையும் சேர்த்துத்தான் நினைவில் வைக்க வேண்டும். ஆக, நடனத்தை மாற்றுவது சென்னைக்குப் புதிதே இல்லை.

உதய் சங்கரை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திய நவீன நடனத்தின் முன்னோடி. அல்மோராவில் அவர் நடத்திய மையத்தில் பரதம் சொல்லிக்கொடுத்தவர் பாலசரஸ்வதியின் குரு கந்தப்பா பிள்ளை. அந்த மையம் மூடிய பிறகு உதய் சங்கர் எடுத்த 'கல்பனா' (1948) என்ற நடனத் திரைப்படம் நம் ஜெமினி ஸ்டூடியோவில் படமானது. இன்று ஜெமினி மேம்பாலத்தில் வண்டியில் போகும்போது, இந்திய நவீன நடனத்தின் முக்கியமான ஓர் ஆவணம் இந்த முனையில்தான் உருவானது என்று நம்மில் எத்தனை பேர் நினைக்கிறோம்?

அப்புறம் சந்திரலேகா. மகாராஷ்டிரத்தில் 1928இல் பிறந்து, நடனம் கற்க மதராசுக்கு வந்து, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பயின்றவர். 1952இல் அவருடைய அரங்கேற்றம், ராயலசீமா வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. யமுனையின் நீர்வளத்தை அபிநயித்துக்கொண்டிருந்தபோது பத்திரிகையில் பார்த்த வெடித்த நிலம் நினைவுக்கு வந்து மனம் உறைந்துபோனது என்று பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார். மேடையில் ஆடும் தண்ணீருக்கும் வெளியே இல்லாத தண்ணீருக்கும் என்ன சம்பந்தம் என்ற கேள்வி அவரை விடவில்லை. பல வருடம் மேடையை விட்டே விலகியிருந்தார். 1984இல் மும்பையில் நடந்த கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பில் திரும்ப வந்தார். அடுத்த வருடம் 'அங்கிகா' என்ற படைப்பு. பரதத்தையும் களரிப்பயிற்றையும் யோகத்தையும் ஒரே உடலின் மூன்று அறிவுகளாக மேடையில் நிறுத்தினார். நகை இல்லை, பட்டுப்புடவைக் கட்டு இல்லை, கடவுள் கதை இல்லை. முழங்காலை மடக்கிப் பாதி உட்கார்ந்து நிற்கும் அரைமண்டி இருந்தது. அந்த அரைமண்டிக்குள் இவ்வளவு பலம் இருந்ததா என்று பார்த்தவர்கள் திகைத்தார்கள்.

'லீலாவதி' (1989) பாஸ்கராசாரியரின் 12ஆம் நூற்றாண்டுக் கணித நூலிலிருந்து பிறந்தது. 2001இல் வந்த 'சரீரா' அவருடைய கடைசிப் படைப்பு: ஒரு பெண், ஓர் ஆண், குந்தேச்சா சகோதரர்களின் துருபத் என்ற இந்துஸ்தானி இசை. 2006 டிசம்பரில் இறக்கும் வரை அவர் வாழ்ந்தது பெசன்ட் நகரில், எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய வீட்டில். இறக்குமதி என்று சொல்பவர்களிடம் நான் இந்த முகவரியைத்தான் சொல்வேன்.

மேற்கத்திய நடனப் பயிற்சிகளும் இங்கே வந்து சேர்ந்திருக்கின்றன, மறுக்கவில்லை. பிடில் வந்து சேர்ந்த மாதிரிதான். இன்று அதில்லாமல் ஒரு கர்நாடகக் கச்சேரி உண்டா?

சந்திரலேகாவுக்குப் பிறகு இந்த ஊரில் யாரைப் பார்க்க வேண்டும்?

பத்மினி செட்டூர். சந்திரலேகாவின் குழுவில் பத்து வருடம் போல ஆடிவிட்டுத் தனி வழி போனவர். அவருடைய படைப்புகளில் அலங்காரம் என்று சொல்ல எதுவுமே மிஞ்சியிருக்காது. ஒவ்வொரு மூட்டும் எங்கே எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்பதில் கணக்குப் பிசகாது. முதல்முறை பார்ப்பவர்களுக்குக் கடினமாக இருக்கலாம். இருந்தாலும் பார்க்கச் சொல்வேன். பரத நிகழ்ச்சியின் வழக்கமான வரிசையான மார்க்கத்தில் நடுநாயகமாக இருக்கும் வர்ணத்தையே எடுத்துப் பிரித்துப் பார்த்து அவர் செய்த படைப்பு 2016 கொச்சி பினாலே கலைக் கண்காட்சியில் இடம்பெற்றது. பரதம் தெரிந்தவர்களுக்கு அது பெரிய விருந்து.

ப்ரீத்தி ஆத்ரேயா பரதமும் கற்று, லண்டனில் லாபான் நடன மையத்திலும் படித்துவிட்டு வந்தவர். பத்துப் பேர் சேர்ந்து குதிப்பதை மட்டும் வைத்துக்கொண்டு ஒரு முழுப் படைப்பு செய்திருக்கிறார். கேட்க வேடிக்கையாக இருக்கும். பார்க்கும்போது, சேர்ந்து குதிக்க எவ்வளவு நம்பிக்கை வேண்டும் என்பது நெஞ்சில் இறங்கும்.

அனிதா ரத்னம் வேறு பாதை. புராணப் பெண்களை, பேச்சும் பாட்டும் நாடகமும் கலந்து இன்றைக்குக் கொண்டுவருபவர். மார்கழிக்கு முன்னால் டிசம்பர் தொடக்கத்தில் சமகாலக் கலைகளுக்கென்று ஒரு விழாவை ரன்வீர் ஷாவுடன் சேர்ந்து 1998இல் தொடங்கியவரும் அவர்தான். அந்த விழா பிறகு நின்றுபோனது; அது இல்லாதது இன்றும் ஒரு வெற்றிடம்தான்.

இளையவர்கள் நிறையப் பேர் வருகிறார்கள், சிலர் பெயர் வெளியே தெரியுமுன்பே பெங்களூருக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுகிறார்கள். அதனால் புதிய குழு, புதிய பெயர் என்று தள்ளிவிடாமல் முதல் சீசனிலேயே போய்ப் பாருங்கள்.

மார்கழி சீசனிலேயே இதையும் வைத்தால் என்ன?

சபா நிகழ்ச்சி நிரலைப் பார்த்தால் பதில் தெரிந்துவிடும். ஒரே மேடையில் ஒரு நாளில் வரிசையாக நிகழ்ச்சிகள். ஒருவர் இறங்கியதும் அடுத்தவர் ஏறுவார். சமகாலப் படைப்பில் விளக்கும் ஒரு பங்காளி. எந்த நொடியில் எந்தப் பக்கத்திலிருந்து எவ்வளவு வெளிச்சம் என்று ஒத்திகை பார்க்கவே அரங்கம் பெரும்பாலும் ஒரு முழு நாள் வேண்டும். தரையும் முக்கியம். வெறும் சிமென்ட்டிலோ கல்லிலோ குதித்து விழுந்து ஆடினால் முழங்கால் போய்விடும். அதற்கென்று உள்ள விரிப்பு போட வேண்டும். சபா மேடையில் கார்பெட்டும் பின்னால் பேனரும் மாறாமல் இருக்கும். அதனால் இந்தக் குழுக்கள் பெரும்பாலும் மார்கழிக்கு வெளியேதான் தேதி தேடுகின்றன. ஆடி மாதத்தில்கூட நல்ல நடனம் பார்க்கக் கிடைக்கும், அறிவிப்புகளைக் கவனித்துக்கொண்டிருந்தால்.

எந்த அரங்கம் எப்படி? எங்கே உட்கார்ந்தால் நன்றாகத் தெரியும்?

எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் இருக்கும் மியூசியம் தியேட்டர் எனக்குப் பிடித்தது. அரைவட்டமாக, படிப்படியாக ஏறும் இருக்கைகள். மேடைத் தரை முழுதும் தெரியும் என்பதால் இந்த வகை நடனத்துக்கு மிகப் பொருத்தம். நடுப்பகுதியில், கொஞ்சம் மேலே உட்காருங்கள். யார் எங்கே நகர்கிறார்கள் என்று தரையில் கோலம் போட்ட மாதிரி தெரியும். எழும்பூர் மெட்ரோவில் இறங்கினால் ஆட்டோவுக்குச் சின்ன தூரம்தான்.

நுங்கம்பாக்கம் கல்லூரிச் சாலையில் இருக்கும் அலியான்ஸ் பிரான்சேஸ் அரங்கம், ரட்லண்ட் கேட் பக்கம் இருக்கும் மாக்ஸ் முல்லர் பவன் இரண்டும் சிறியவை. அங்கே முன்வரிசைக்குப் போங்கள். ஆடுபவரின் மூச்சு கேட்கும் தூரம் கிடைக்கும். சேத்துப்பட்டு ஹாரிங்டன் சாலை சர் முத்தா வெங்கடசுப்பா ராவ் அரங்கம் பெரிய தயாரிப்புகளுக்கு வசதியானது. பெசன்ட் நகரில் சந்திரலேகா வாழ்ந்த இடம் 'ஸ்பேசஸ்' என்ற பெயரில் இன்றும் இயங்குகிறது. அங்கே நிகழ்ச்சி என்றால் கொசுவுக்குத் தயாராகப் போங்கள், அவ்வளவுதான் எச்சரிக்கை.

சிறிய கறுப்பு அறை போல, இருக்கைகளை வேண்டியபடி மாற்றிப் போடக்கூடிய அரங்கங்கள் சென்னைக்குப் போதாது. இவ்வளவு சபாக்கள் உள்ள ஊரில் இது ஒரு பெரிய குறை என்று உறுதியாக நினைக்கிறேன்.

டிக்கெட்டுக்குப் பணம் கொடுக்க வேண்டுமா? நாட்டியக் கச்சேரி பலவும் இலவசம்தானே?

சில இலவசமாகவே இருக்கும், குறிப்பாகக் கலாச்சார மையங்களில் நடப்பவை. டிக்கெட் வைத்திருந்தால் தயவுசெய்து வாங்குங்கள். பாஸ் கிடைக்குமா என்று கேட்காதீர்கள். ஆடுபவர்கள் பல மாதம் தினமும் ஒத்திகைக்கு வந்திருக்கிறார்கள். அந்த மாதங்களுக்குச் சம்பளம் கொடுக்கும் குழு அரிது. பலர் காலையில் பள்ளியில் பாடம் எடுத்து, யோகா வகுப்பு நடத்தி, மாலையில் ஒத்திகைக்கு ஓடுகிறார்கள். அரங்க வாடகை, விளக்குக்காரர், இசையமைப்பாளர், உடை தைப்பவர் என்று செலவு நீளும். எல்லா இருக்கையும் நிரம்பினாலும் டிக்கெட் பணம் அதை ஈடுகட்டுவது கடினம். ஆனாலும் நிரம்பிய அரங்கைக் காட்டித்தான் அடுத்த முறை நிதி கேட்க முடியும். நீங்கள் வாங்கும் டிக்கெட்டுக்கு அந்த மதிப்பும் உண்டு.

பாட்டு, ஜதி, மிருதங்கம் எதுவும் இருக்காதா?

இருக்கலாம், இல்லாமலும் போகலாம். துருபத் பாடியிருக்கிறார்கள். பத்மினி செட்டூரின் பல படைப்புகளுக்கு இசை செய்தவர் மார்ட்டன் விஸர் என்ற, சென்னையில் வாழும் டச்சு சாக்ஸபோன் கலைஞர். அவர் இசையில் தாளம் போட இடமே கிடைக்காத நேரங்கள் உண்டு. முழு அமைதியில் நடப்பவையும் உண்டு. அப்போது பாதம் தரையில் உராயும் ஓசை, மூச்சு, வெளியே தெருவில் போகும் வண்டியின் ஹார்ன், எல்லாமே காதில் விழும். கஷ்டமாக இருந்தால் கொஞ்சம் காத்திருங்கள், காது பழகிவிடும்.

ஏன் எல்லாமே இவ்வளவு மெதுவாக இருக்கிறது? தூக்கம் வருகிறது.

எல்லாமே மெதுவாக இருப்பதில்லை. மூச்சுவாங்க வைக்கும் வேகமும் உண்டு. ஆனால் மெதுவாக ஆடுவது வேகமாக ஆடுவதைவிடக் கடினம். வீட்டில் நாற்காலியில் இருந்து ஒரு நிமிடம் எடுத்துக்கொண்டு எழுந்து பாருங்கள், தொடை நடுங்கும். அந்த நடுக்கம் இல்லாமல் ஒருவர் செய்கிறார் என்றால் எத்தனை வருடப் பயிற்சி என்று தெரியும். அலுவலகம் முடிந்து டிராபிக்கில் மாட்டி, சாப்பிடாமல் ஓடி வந்து உட்கார்ந்தால் எந்தக் கலையும் தூங்க வைக்கும். அரை மணி நேரம் முன்னால் வந்து ஒரு காபி குடித்துவிட்டு உள்ளே போங்கள்.

பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வரலாமா? உடை, காட்சி எல்லாம் எப்படி இருக்கும்?

அறிவிப்பில் வயது குறிப்பிட்டிருந்தால் அதை மதியுங்கள். பெரும்பாலான படைப்புகளில் சாதாரணப் பயிற்சி உடைதான். சிலவற்றில் உடலும் ஆண்-பெண் நெருக்கமும்தான் பேசுபொருள். சந்தேகமிருந்தால் குழுவுக்கே போன் செய்து கேளுங்கள், தவறாக நினைக்க மாட்டார்கள். மற்றபடி, பிள்ளைகள் பெரியவர்களைவிட நல்ல பார்வையாளர்கள். அர்த்தம் கேட்டு அவர்கள் திணறுவதில்லை. வீட்டுக்கு வந்து ஹாலில் செய்து காட்டுவார்கள்.

நடுவில் எழுந்து போகலாமா? எப்போது கைதட்ட வேண்டும்?

சபாவில் தனி ஆவர்த்தனத்தின்போது எழுந்து கேன்டீனுக்குப் போகும் பழக்கத்தை இங்கே விட்டுவிடுங்கள். இருட்டில் ஒரு கதவு திறந்து வெளிச்சம் விழுந்தால் மேடையில் கட்டிய அத்தனையும் கலையும். இடைவேளை பெரும்பாலும் இருக்காது. விதிவிலக்கும் உண்டு: சுவரை ஒட்டிப் பல மணி நேரம் நீளும் காட்சிக்கூட நிகழ்வுகளில் வரலாம், போகலாம், சுற்றி நடக்கலாம். வாசலிலேயே சொல்வார்கள்.

போனை அணைத்துவிடுங்கள். வைப்ரேட்டில் வைப்பது போதாது, அமைதியில் அதுவும் கேட்கும். வீடியோ எடுக்க வேண்டாம். கைதட்டல் கடைசியில் விளக்கு வந்த பிறகு.

இதில் தமிழ் எங்கே இருக்கிறது?

மேடையில் இருக்கிறது. அரைமண்டியிலும், சிலம்பம் கற்ற உடலிலும், பறை அடவின் தரை மிதிப்பிலும், கூத்துக் கலைஞர் சுழன்று ஆடும் கிறுக்கியிலும் இருக்கிறது. ந. முத்துசாமி 1977இல் தொடங்கிய கூத்துப்பட்டறை, நடிகரின் உடலைத் தெருக்கூத்து வழியாகப் பயிற்றுவித்து இதே தேடலை நாடகப் பக்கத்திலிருந்து செய்தது.

மேடைக்கு வெளியேதான் இல்லை. கையில் கொடுக்கும் தாள் ஆங்கிலம், அறிவிப்பு ஆங்கிலம், ஆட்டம் முடிந்த பின் நடக்கும் உரையாடலும் ஆங்கிலம். தமிழ் மட்டும் படிக்கும் ஒருவர் இது நமக்கான இடமில்லை என்று வாசலிலேயே நினைத்துத் திரும்பிவிடுகிறார். சொல்லே தேவைப்படாத ஒரு கலை, மொழியால் ஆட்களை வெளியே நிறுத்துவது எனக்கு வலிக்கிறது. குழு நடத்துபவர்கள் யாராவது இதைப் படித்தால்: அரைப் பக்கம் தமிழில் எழுதி அச்சடியுங்கள். வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் ஒரு முறை ஆடிப் பாருங்கள். பறையும் கானாவும் ஆட்டமும் கூடவே வளர்ந்த கண்கள் அங்கே இருக்கின்றன. அவர்களுக்கு உடலைப் பார்க்கச் சொல்லித்தர வேண்டியதில்லை.

எனக்கு வயது முப்பதுக்கு மேல். இனிமேல் கற்க முடியுமா?

தொழிலாக என்றால் கடினம், ஆசைக்கு என்றால் தாராளமாக. குழுக்கள் சீசனை ஒட்டிப் பயிலரங்கு நடத்துவதுண்டு. முன் அனுபவம் தேவையில்லை என்று போட்டிருந்தால் நம்பிப் போகலாம். தளர்ந்த உடை, வெறும் கால், தண்ணீர் பாட்டில் போதும். முழங்கால், முதுகு வலி இருந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முழுநேரமாகப் படிக்க விரும்பும் இளையவர்கள் பெங்களூரின் அட்டக்களரி போன்ற சமகால நடன மையங்களை விசாரிக்கலாம். பரதமோ களரியோ சிலம்பமோ ஏதாவது ஒன்றில் ஆழமாகப் பயின்றிருப்பது பெரிய பலம். ஒரு பயிலரங்குக்குப் போய்விட்டு வந்தாலே அடுத்த நிகழ்ச்சியைப் பார்க்கும் விதம் மாறிவிடும்.

ஆட்டம் முடிந்ததும் பேசலாம் என்கிறார்களே, என்ன கேட்பது?

பார்த்ததைக் கேளுங்கள். "கடைசியில் இரண்டு பேரும் ஏன் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்?" "அந்த நடை மூன்றாம் தடவை வந்தபோது வேகம் கூடியதா, எனக்கு மட்டும் அப்படித் தோன்றியதா?" இந்த மாதிரிக் கேள்விகள் ஆடியவர்களுக்கு எவ்வளவு பிடிக்கும் தெரியுமா? தத்துவமாகக் கேட்க வேண்டிய கட்டாயம் இல்லை. தமிழிலேயே கேளுங்கள், பதில் தமிழில் வரும். பிடிக்கவில்லை என்றாலும் எந்த இடத்தில் பிடி விட்டது என்று சொல்லுங்கள்.

ஒரே படைப்பு இரண்டு, மூன்று நாள் நடக்கிறது. எந்த நாள் போவது?

ஒரு நாள்தான் முடியும் என்றால் இரண்டாம் நாள். முதல் நாளின் பதற்றம் அடங்கி, விளக்கும் ஆட்டமும் ஒன்றுக்கொன்று பழகியிருக்கும். முடிந்தால் முதல் நாளும் கடைசி நாளும் போங்கள், வேறு வேறு இருக்கையில் உட்காருங்கள். கடைசி நாளுக்கு டிக்கெட் சீக்கிரம் தீர்ந்துவிடும், முன்கூட்டியே எடுத்து வையுங்கள்.